போஸ்ட்மேல் இருப்பவனுக்கு ஒரு சுக விசாரிப்பு

அனந்தை மின் விநியோகக் கழகத்தில் வெகுகாலமாக ஒரு பெருங்குறை இருந்தது. அங்கே ஃபோன் வேலை செய்தது.

கூப்பிட்டால் மணி அடித்தது. மணி அடித்தால் யாரோ எடுத்தார்கள். எடுத்தவர் மனிதராகவும் இருந்து தொலைத்தார். புது நூற்றாண்டு பிறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. தம்பானூர் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மலையாள மாநிலத்தின் தலைநகரில், இப்படியொரு அலுவலகம் இன்னும் இருக்கிறதே என்று அதன் பொது மேலாளர் பகவதிப்பெருமாள் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். அவர் நாகர்கோவில்காரர். பட்டிமன்றம் பேசிப் பழுத்த தொண்டை. "மழை வருது" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டிய இடத்தில்கூட "வானம் தன் கடமையைச் செய்கிறது" என்பார்.

தாசம்மாளுக்கு இந்தக் குறையெல்லாம் தெரியாது. அவள் கழகத்தின் பின்பக்கத்து லாட்ஜ் சந்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். பாறசாலைப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் யோசுவா கழகத்தில் காண்ட்ராக்ட் லைன்மேன். அதாவது கரண்ட் போஸ்டில் ஏறும்போது கழகத்தின் ஆள். விழுந்தால் காண்ட்ராக்டரின் ஆள். அவள் கடை வாசலில் காசு போட்டுப் பேசும் சிவப்பு ஃபோன் ஒன்று தொங்கியது. அந்தப் பக்கம் போஸ்டில் ஏறும் லைன்மேன்கள் எல்லாம் அதிலிருந்துதான் லைன் கிளியர் கேட்பார்கள்.

லைன் கிளியர் என்றால் வேறொன்றுமில்லை. ஏறப்போகிறவன் கழகத்தின் சுவிட்ச் அறைக்கு ஃபோன் செய்வான். அங்கே ஸ்ரீகண்டன் இருப்பார். "யோசுவா பேசுறேன். லாட்ஜ் சந்துக்கு லைன் கிளியர் வேணும்" என்பான் இவன். அதை அவர் ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்வார். பிறகு இரும்புக் கைப்பிடியைக் கீழே இழுத்து, பூட்டு மாட்டிவிட்டு, "தந்நு" என்பார், அதாவது தந்தாச்சு. "எடுத்தாச்சு" என்பான் இவன். வேலை முடிந்து இறங்கியதும் அதே ஆள், அதே வாயால், "இறங்கியாச்சு, போடலாம்" என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் ஸ்ரீகண்டன் கைப்பிடியைத் தொடமாட்டார். சாட்சாத் பத்மநாபசுவாமியே கூப்பிட்டாலும், "ஏறிய ஆள்கிட்ட ஃபோனைக் கொடுக்கணும்" என்றுதான் சொல்வார். ஊரே இருட்டில் கிடந்தாலும் அந்தக் கறுப்பு ஃபோன் மட்டும் பேசும். அதற்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் கம்பியிலேயே வந்துகொண்டிருந்தது. கழகத்தின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. ஒருவேளை பகவதிப்பெருமாளுக்கு அதுதான் பிடிக்கவில்லையோ என்னவோ.

கமிட்டி போட்டார்கள். பழைய ஃபோன்களைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் இண்டர்நெட் ஃபோனாக மாற்றுவது என்று தீர்மானமானது. டெக்னோபார்க் பக்கமிருந்து ஜினு என்ற ஆலோசகன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி, வாயில் சூயிங்கம். ஆனாலும் அவனைக் குறை சொல்ல முடியாது. புது ஃபோன் கரண்டில்தான் ஓடும், கரண்ட் போனால் செத்துவிடும், அதனால் ஒரு பேட்டரி வேண்டும் என்று அவன் எழுதிக் கொடுத்தான். கமிட்டி அதை வாசித்துக் கொதித்துப்போனது.

"மின்சாரம் விற்கிற நாமே பேட்டரி வாங்கினால் ஊர் என்ன பேசும்?" என்று கேட்டார் பகவதிப்பெருமாள். "நம் சரக்கின்மேல் நமக்கே நம்பிக்கை இல்லையா? மின்தடை வரும் என்று எதிர்பார்ப்பதே மின்தடையை வரவேற்பதுதான். பட்டியலிலிருந்து பேட்டரியை அடியுங்கள்."

அடித்தார்கள். அந்தத் தொகையில் திறப்பு விழாவுக்கு மேடையும், கழகத் தலைவருக்குச் சந்தன மாலையும், எல்லோருக்கும் முந்திரிக்கொத்தும் ஏற்பாடாயின. ஜினு இரண்டு நாள் யோசித்துவிட்டு, தனக்கும் ஒரு மாலை உண்டு என்று கேள்விப்பட்டு, மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திக்கொண்டான்.

சோதனை ஓட்டம் நடந்தது. பகவதிப்பெருமாள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவித்தார். "முன்பெல்லாம் கரண்ட் போனால் புகார்கள் வந்து குவியும். புது முறை வந்த பிறகு, மின்தடை நேரங்களில் ஒரு புகார்கூட வரவில்லை. ஒன்றுகூட! மக்கள் மனநிறைவோடு இருட்டில் அமர்ந்திருக்கிறார்கள்." பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் போனது. இனிமேல் எந்தத் தகவலும் ஃபோன் வழியாகத்தான் வரவேண்டும். நேரில் வந்து சொல்வது தகவல் ஆகாது. லைன் கிளியரையும் இனி கம்ப்யூட்டர்தான் தரும்; ஸ்ரீகண்டன் கைப்பிடியை இழுத்தால் போதும். அரை மணி நேரத்தில் அது தானாகவே ரத்தாகிவிடும். கூடுதல் நேரம் வேண்டுமானால் ஃபோன் செய்து நீட்டிக்க வேண்டும். சுவிட்ச் அறையில் ஸ்ரீகண்டனுடைய கறுப்பு ஃபோனைப் பிடுங்கி எடுத்தார்கள். அந்த இடத்தில், சின்னச் சின்ன விளக்குகள் மினுங்கும் வெள்ளை ஃபோன் ஒன்று வந்து உட்கார்ந்தது.

விழாவுக்கு மகுடமாக ஒன்று வேண்டாமா? பகவதிப்பெருமாள் யோசித்து யோசித்து, தலைவர் பேசும் முதல் அழைப்பு ஒரு சாதாரணத் தொழிலாளிக்குப் போகட்டும் என்று முடிவு செய்தார். தலைவர் மேடையிலிருந்து கூப்பிட்டு, "நலமா?" என்று கேட்பார். களத்தில் நிற்கும் தொழிலாளி, "நலம்" என்பார். ஒலிபெருக்கியில் ஊரே கேட்கும். காண்ட்ராக்ட் ஆட்களின் கதி பற்றி அப்போது பேப்பரில் ஏதோ வந்திருந்ததால், காண்ட்ராக்ட் ஆள் ஒருவனாகவே தேர்ந்தெடுத்தார்கள். யோசுவாவுக்கு அடித்தது யோகம். அவன் சட்டைப்பையில் ஒரு புது மொபைல் ஃபோனை வைத்தார்கள். வருகிற அழைப்பை மட்டும் எடுக்கலாம். அவனாக யாரையும் கூப்பிட முடியாது. தலைவருக்கு முன்னால் வேறு எவனும் அதில் பேசிவிடக் கூடாது என்பதற்காக அதன் எண்ணை எழுதிய தாளைப் பகவதிப்பெருமாள் மட்டும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னத்துக்குங்க இது?" என்று கேட்டாள் தாசம்மாள்.

"எனக்குச் சுகமான்னு கேப்பாவளாம்."

"அதுக்கு ஒரு ஃபோனா? கடந்த மாசம் கரண்டுல கை பொள்ளிக் கெடந்தப்போ ஒருத்தன் எட்டிப் பாக்கல்லியே."

"அப்ப இந்த மெஷீன் வரல்லல்லா," என்றான் யோசுவா. அவன் அப்படித்தான். யார்மேலும் கோபம் வராது. அவனுக்கும் சேர்த்துக் கோபப்படுகிற வேலையைக் கல்யாணமான நாளிலிருந்து தாசம்மாள்தான் பார்த்துவந்தாள்.

விழா நாள் காலையிலிருந்து வானம் தன் கடமையை அளவுக்கு மீறிச் செய்தது. தம்பானூர் வழக்கம்போல் முழங்கால் தண்ணீரில் நின்றது. லாட்ஜ் பக்கத்துத் தென்னையிலிருந்து ஒரு மட்டை முறிந்து கம்பிமேல் விழ, கம்பி அறுந்து, தாசம்மாளின் கடைக்கு முன்னால் மழைத் தண்ணீரில் கிடந்து துடித்தது. தாசம்மாள் இட்லிச் சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் கத்தித் தடுத்தாள். யோசுவா வந்தான். சிவப்பு ஃபோனில் காசைப் போட்டான்.

"அனந்தை மின் விநியோகக் கழகம் உங்களை அன்புடன் வரவேற்கிறது," என்றது ஒரு பெண் குரல். மலையாளத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்றது. மின்தடை பற்றிய புகாருக்கு மூன்று என்றது. மின்சாரம் இருப்பது பற்றிய பாராட்டுக்கு நான்கு என்றது. கழகத்தின் வரலாற்றை அறிய ஐந்து என்றது. லைன் கிளியர் ஒன்பதாவதாக வந்தது. அதற்குள் ஃபோன் மூன்று காசுகளை விழுங்கிவிட்டது. தெருவில் கம்பி துடித்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாக லைனில் ஸ்ரீகண்டன் வந்தார். லைன் கிளியரைப் புது முறைப்படி கம்ப்யூட்டரில் பதிந்தார். கம்ப்யூட்டர் சரி என்றது. "தந்நு," என்றார். "எடுத்தாச்சு," என்று யோசுவா ஃபோனை வைத்ததும் அவர் கைப்பிடியை இழுத்துப் பூட்டு மாட்டினார். தெருவில் கம்பி துடிப்பது நின்றது; யோசுவா இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறினான்.

இங்கேதான் கமிட்டியின் மேதைமை வெளிப்பட்டது. கழகத்தின் கட்டடத்துக்கும் அந்தச் சந்துக்கும் கரண்ட் ஒரே சுவிட்சிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடி இறங்கியதும் சந்தில் கரண்ட் போனது. விழா மண்டபத்தில் விளக்குப் போனது. கழகத்தின் ஃபோன்கள் அத்தனையும் செத்தன. லைன் கிளியர் கொடுத்த கம்ப்யூட்டரும் செத்தது. கரண்ட் வேலை செய்கிற ஆபீசில் தவிர உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியாது. மற்றவர்களுக்குக் கரண்ட்மேல் கொஞ்சமாவது பயம் இருக்கும்.

மேலேயிருந்து யோசுவா சத்தம் போட்டான். "தாசம்மா! ரெண்டு கம்பியும் போயிருக்கு. அரை மணிக்கூர் பத்தாது. நேரம் நீட்டணும்னு ஃபோன் பண்ணிச் சொல்லு."

அவள் காசைப் போட்டாள். வரவேற்பு இல்லை. பாட்டு இல்லை. மறுபடி போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. முன்பு எத்தனை புயலடித்தாலும் மறுமுனையில் ஸ்ரீகண்டனின் இருமலாவது கேட்கும். பக்கத்துக் கடைக்காரனிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கழகத்துக்கு ஓடினாள்.

வரவேற்பு மேஜையில் சிஜி உட்கார்ந்திருந்தாள். தினமும் தாசம்மாள் கடையில் தோசை வாங்கித் தின்கிற பெண்.

"சிஜி, எங்க வீட்டுக்காரரு போஸ்டுல நிக்காரு. நேரம் நீட்டணுமாம். ஸ்ரீகண்டன் சேட்டன்கிட்டச் சொல்லு மோளே."

சிஜி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தாள். "சேச்சி, என்கிட்டப் பேசாண்டாம். இன்னிக்கு முதல் என்னோட சப்தம் மெஷீன்லயாக்கும். நேரிலயும் நான் பேசினா அது டபுள் ஆவும்னு சார் சொல்லியிருக்கு. ஃபோன் செய்யணும்."

"ஃபோன் செத்துப்போச்சு!"

"ஓ, அதயும் ஃபோன்லதான் சொல்லணும். ஆறாம் நம்பர் அமுக்கணும்."

தாசம்மாள் அவளை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் பாய்ந்தாள். இருட்டில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் பகவதிப்பெருமாள் வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஜினு மேஜைக்கடியில் வயர்களை இழுத்துக்கொண்டிருந்தான்.

"சாரே, லாட்ஜ் சந்துப் போஸ்டுல ஆளு உண்டு. கரண்டைப் போட்டிராதீங்க."

பகவதிப்பெருமாள் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "அம்மா, தாங்கள் யார்? அழைப்பிதழ் உண்டா?"

"நான் யோசுவாக்க பெஞ்சாதி. அவரு மேல நிக்காரு."

"ஜினு, யாராவது லைன் கிளியர் வாங்கியிருக்கிறார்களா, பார்."

"கம்ப்யூட்டர் டவுன் சார். ஒந்நும் காணல்ல."

"கேட்டீர்களா அம்மா? பதிவு இல்லை. பதிவு இல்லாத ஆள் போஸ்டில் இருக்க முடியாது."

"நான் இப்பதானே பாத்துட்டு வாரேன்! நீலச் சட்டை. கயிறு கெட்டி நிக்காரு."

"தாங்கள் பார்த்தது தங்கள் தனிப்பட்ட அனுபவம்," என்றார் பகவதிப்பெருமாள் கருணையுடன். "நிறுவனம் தனிப்பட்ட அனுபவங்களின்மேல் நடக்க முடியாது. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. நேரில் வந்து சொல்வது தகவல் ஆகாது என்று சுற்றறிக்கையே போட்டிருக்கிறோம். நானே எழுதியது."

அப்போது வாசலில் பரபரப்பானது. தலைவரின் கார் மேம்பாலத்தில் இறங்கிவிட்டதாம். பகவதிப்பெருமாள் பதறிப்போய் ஒரு தாளைக் கிழித்து, 'உடனடியாக மின்சாரம் வழங்குக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பியூனிடம் கொடுத்து சுவிட்ச் அறைக்கு விரட்டினார்.

"இது மட்டும் ஃபோன்ல போகாண்டாமா?" என்று கத்தினாள் தாசம்மாள்.

"மேலேயிருந்து கீழே வருவது உத்தரவு, அம்மா. கீழேயிருந்து மேலே வருவதுதான் தகவல். இரண்டுக்கும் விதி வேறு."

அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. பியூன் முற்றத்துத் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்து அடி வைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டி ஓடினாள். உள்ளே ஸ்ரீகண்டன் செத்துப்போன வெள்ளை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகமே சரியில்லை.

"சேட்டா, அவரு இறங்கல்ல. போடாதீங்க."

"ஞான் போடில்ல தாசம்மா. ஏறிய ஆள் பறயாதெ ஞான் இதுவரை போட்டதில்ல." சொல்லிக்கொண்டிருக்கும்போதே பியூன் வந்து தாளை நீட்டினான். ஸ்ரீகண்டன் வாசித்தார். அவருக்குப் பென்ஷன் அடுத்த வருஷம். கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை தன்பாட்டுக்குச் சட்டைப்பையிலிருந்த சாவியைத் தேடியது. பூட்டைத் திறந்துவிட்டார். அதற்குமேல் அந்தக் கை போகவில்லை.

தாசம்மாள் பாய்ந்து கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். எண்பது கிலோ உடம்பு. அன்றுவரை அந்த உடம்பைப் பற்றி அவளுக்குக் கூச்சம்தான். அன்று முதல்முறையாக அது போதாதோ என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் பகவதிப்பெருமாள் குடையோடு வந்தார். பின்னாலேயே ஜினுவும் வந்தான்.

"அம்மா, அரசு சார்ந்த ஒரு கைப்பிடியில் தாங்கள் தொங்குவது குற்றம். விட்டுவிடுங்கள். தலைவர் வாசலில் நிற்கிறார். அவர் யாரைக் கூப்பிடப்போகிறார் தெரியுமா? தங்கள் கணவரைத்தான்! நலமா என்று கேட்கத்தான்! ஒரு தொழிலாளியின் நலத்தை விசாரிக்க இத்தனை பெரிய மனிதர் மழையில் வந்திருக்கிறார். அதைத் தாங்களே தடுக்கலாமா?"

"நலமாட்டு இருக்காரு. அதுனாலதான் இதை விடமாட்டேங்கேன்."

"அதை அவர் வாயால் கேட்க வேண்டாமா?"

"கரண்டைப் போட்டா வாயி எங்க இருக்கும்? யாரு சாரே உங்க ஃபோனை எடுக்கது?"

பகவதிப்பெருமாள் பொறுமையாக விளக்கினார். "அழைப்பு போய்ச் சேர்வது வரைதான் எங்கள் பொறுப்பு. எடுப்பதும் எடுக்காததும் பெறுகிறவரின் விருப்பம்."

"எடுத்தில்லெங்கில் வாய்ஸ் மெயிலில் போய்க்கொள்ளும் சேச்சி," என்றான் ஜினு, ஆறுதலாக. "மெசேஜ் பிறகு கேட்டா போதும்."

தாசம்மாள் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இந்த நல்ல மனிதர்கள் யாரும் அவள் புருஷனைக் கொல்ல நினைக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தவனாக இருந்தால் முகத்தில் காறித் துப்பலாம். இவர்கள் மாலையோடு அல்லவா வந்து நிற்கிறார்கள்! "தொட்டுப் பாருங்க," என்றாள். "எவனாவது இதைத் தொட்டுப் பாருங்க. கடிச்சுத் துப்பிருவேன். ஃபோன் பண்ணிச் சொல்லணுமோ இதையும்?"

யாரும் தொடவில்லை. பொது மேலாளர்களுக்குப் பல் விஷயத்தில் எந்தச் சுற்றறிக்கையும் உதவாது.

போன மனைவி திரும்பவில்லையே என்று சந்தேகப்பட்டு, பாதி வேலையோடு யோசுவாவே இறங்கி வந்தான். நீலச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. சுவிட்ச் அறை வாசலில் அத்தனை பேரையும் பார்த்துவிட்டு விழித்தான். அவனைக் கண்டதும் தாசம்மாளின் கைகள் தாமாகவே விட்டுப்போயின. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முறிஞ்ச கம்பியை மாத்திப் போட்டாச்சு சாரே. ஆனா தொங்கிக்கிட்டு கெடக்கு. இறுக்கணும்," என்றான் யோசுவா. "வேணும்னா ஒரு அஞ்சு நிமிஷம் போட்டுக்கிடுங்க. சந்துல ஆளை நிறுத்தியிருக்கேன். பிறகு அணைச்சுத் தரணும்."

"ஏன் ஃபோன் செய்யவில்லை?" என்று கேட்டார் பகவதிப்பெருமாள்.

கரண்ட் வந்தது. மண்டபம் ஜொலித்தது. தலைவர் மேடையேறி மாலை வாங்கிக்கொண்டார். தொழிலாளி களத்தில் இருக்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். ஆகவே யோசுவாவை மேடைக்குப் பின்னால் வராந்தாவில் நிறுத்தி, அதைக் களம் என்று வைத்துக்கொண்டார்கள். தாசம்மாள் அவன் பக்கத்திலேயே நின்றாள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

தலைவர் கையில் ஓர் அட்டை இருந்தது. வெள்ளை ஃபோனில் பொத்தானை அழுத்தினார். வராந்தாவில் யோசுவாவின் சட்டைப்பை அலறியது. எடுத்தான்.

"அன்புள்ள தொழிலாளித் தோழரே, நலமா?" என்று அட்டையைப் பார்த்து மலையாளத்தில் வாசித்தார் தலைவர். ஒலிபெருக்கி மண்டபத்தை நிறைத்தது.

யோசுவா வாயைத் திறக்குமுன் தாசம்மாள் ஃபோனைப் பிடுங்கினாள்.

"நான் அவரு பெஞ்சாதியாக்கும் பேசுறேன். சுகமாட்டு இருக்காரு. உங்க ஃபோனால இல்ல. நான் போயி கைப்பிடியில தொங்கினதால சுகமாட்டு இருக்காரு. கொஞ்சம் முன்ன இவியளு கரண்டைப் போட நின்னாவ. அவரு மேல நிக்கும்போ. உங்களுக்கு அவர்கிட்டச் சுகமான்னு கேக்கதுக்கு. கேக்குதா? செத்திருந்தா இப்ப நீங்க யாருகிட்டப் பேசிக்கிட்டு இருப்பிய?"

குரல் ஒலிபெருக்கியில் மோதி மோதித் திரும்பி வந்தது. பகவதிப்பெருமாள் ஜினுவைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார்.

தலைவர் அட்டையில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "மிக்க மகிழ்ச்சி," என்று வாசித்தார். "தொடர்ந்து சிறப்பாகப் பணியாற்றுங்கள்."

பலத்த கைதட்டல் எழுந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

யோசுவா ஃபோனைத் திருப்பிக் கொடுக்கப்போனான். "சாரே, அணைச்சுத் தந்தா மீதிக் கம்பியை இறுக்கிருவேன்."

"இப்போதா?" பகவதிப்பெருமாள் மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வாழ்த்துரைகள் வரிசையில் காத்திருந்தன; அதற்குப்பின் நன்றியுரை, அவருடையது. "விழா முடியும்வரை கரண்ட் இருந்தாக வேண்டும். ஆனால் கம்பியை அப்படியே விடவும் முடியாது. தலைவர் அந்தச் சந்து வழியாகத்தான் திரும்புகிறார். நீ ஒன்று செய். கையுறை போட்டுக்கொண்டு, கவனமாக ஏறி, கரண்ட் இருக்கும்போதே இறுக்கிவிடு. ஏதாவது என்றால் ஃபோன் செய்."

யோசுவா கையுறையை வாங்கினான். குனிந்து கயிற்றை எடுத்தான். அடுத்த வாரம் அவன் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தாசம்மாள் அவன் குனிந்த முதுகைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவளுக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் பேசாமல் முற்றத்தில் இறங்கி சுவிட்ச் அறைக்குள் போனாள். ஸ்ரீகண்டன் அவளைப் பார்த்தார். சாவி கோத்திருந்த பூட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "ஞான் ஒந்நு மூத்திரம் ஒழிச்சிட்டு வராம்," என்று எழுந்து வெளியே போனார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் யாரோ, "இந்த ஒளிமயமான நாளில்..." என்று தொடங்கியிருந்தார். தாசம்மாள் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தாள். ஒலிபெருக்கி விக்கி நின்றது. பூட்டை மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

மண்டபத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. கரண்ட் ஏன் போனது என்று விசாரிக்க யாரோ ஃபோனை எடுத்து, "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மழையில் நடந்து சந்துக்கு வந்தாள். யோசுவா போஸ்டின் அடியில் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். தாசம்மாள் அவனெதிரே நின்று, ஜாக்கெட்டின்மேல் கையை வைத்துக் காட்டினாள்.

"இனி கேறுங்க," என்றாள்.